முட்டி இடிக்காத கார்

உயரமான பயணிக்கு அந்நிய மண்ணில் வாடகைக் கார் ஒரு சோதனை. கொச்சியில் வந்திறங்குபவருக்கும் அதே கதைதான். காரின் பெயரை விட்டுவிட்டு அங்குலத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தப்பிக்கிறார்கள்.

முதலில் தலை, பிறகு ஒரு தோள், கடைசியாகக் கால்கள். ஆறேகால் அடி உயரமுள்ள ஒருவர் சிறிய காரின் பின்கதவு வழியே நுழைவது ஏறக்குறைய ஒரு யோகாசனம். ஆலுவாவுக்கு வடக்கே, நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி சர்வதேச விமான நிலையத்தின் வாசலில் குளிர்காலச் சுற்றுலாப் பருவத்தில் இந்த ஆசனம் சர்வ சாதாரணம். உள்ளே போன பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது. முட்டி முன்சீட்டின் முதுகில் இடிக்கிறது. தலை கூரையில் தட்டுகிறது. சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்து இடிக்கின்றன. மூணாறு போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகும்.

குறை பயணியிடமும் இல்லை, டிரைவரிடமும் இல்லை. ஓர் ஊரில் ஓடும் கார்கள் அந்த ஊர்க்காரர்களின் உடல் அளவையும் பணப்பையின் அளவையும் மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 166 செ.மீ. அதாவது ஐந்தடி ஐந்தரை அங்குலம். உலகிலேயே உயரமானவர்கள் என்று பெயரெடுத்த நெதர்லாந்து ஆண்களின் சராசரி சுமார் 183 செ.மீ., அதாவது முழு ஆறடி. இடையில் உள்ள ஆறேழு அங்குலத்தை எங்கே மடித்து வைப்பது என்பதுதான் கேள்வி.

கொச்சிக்கும் நெதர்லாந்துக்கும் பழைய பரிச்சயம் உண்டு. 1663இல் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டுக் கொச்சியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். மட்டாஞ்சேரியில் 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனையைப் பழுது பார்த்ததால் அது இன்றும் 'டச்சு அரண்மனை' என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் டச்சுக்காரர்கள் எப்போதுமே நெட்டையாக இருந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களின் சராசரி உயரம் இன்றைய இந்தியரின் உயரத்தை ஒட்டித்தான் இருந்தது. நல்ல சாப்பாடும் சுகாதாரமும் சில தலைமுறைகளில் அவர்களை நீட்டி விட்டிருக்கின்றன. எனவே இது வெள்ளைக்காரப் பயணிகளின் பிரச்சினை மட்டுமல்ல. கோவையிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து இதே விமான நிலையத்தில் விமானம் ஏறும் ஆறடித் தமிழ் இளைஞருக்கும் நாளை பாரிசிலோ சிட்னியிலோ இதே முட்டிவலி காத்திருக்கிறது.

அம்பாசடர் போனது, இடமும் போனது

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. இந்தியாவில் டாக்சி என்றால் அம்பாசடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950களின் கடைசியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாராக ஆரம்பித்த அந்தக் கார் 2014 மே மாதம் நிறுத்தப்படும்வரை உருவத்தில் பெரிதாக மாறவில்லை. அதன் பின்சீட்டு வீட்டு சோபா போல உயரமானது. உட்கார்ந்தால் கால்கள் தொங்கும், முட்டி மடங்காது. வேகமும் இல்லை, சத்தமும் குறைவில்லை. ஆனால் உயரமானவருக்கு அது ராஜ வாகனம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 3.3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் உயரம். இந்தியக் குடும்பங்களுக்கு அது விடுதலை. ஆறடிக்காரர்களுக்கு அது சிறை. பிறகு வந்த கார்களைச் சுருக்கியதில் வடிவமைப்பாளர்களைவிட நிதி அமைச்சகத்துக்கே அதிகப் பங்கு. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு மேற்படாத, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கார் கம்பெனிகள் அளவுகோலைக் கையில் எடுத்தன. 2008இல் 4,160 மி.மீ. நீளத்தில் வந்த மாருதி டிசையர், 2012இல் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது. வரிக்கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் உள்ளே! வெட்டு விழுந்தது பெரும்பாலும் டிக்கியில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான புதிய ஜி.எஸ்.டி. விகிதங்களிலும் இந்தக் கோடு அழியவில்லை. சிறிய கார்களுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம்.

டாக்சிக்காரர் எதை வாங்குவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதிலும் நெடும்பாசேரி டாக்சிகளுக்குத் தனி வரலாறு இருக்கிறது. 30 நாடுகளில் வசிக்கும் ஏறத்தாழ பத்தாயிரம் வெளிநாடுவாழ் இந்தியர்களின் பணத்தோடு, அரசும் தனியாரும் கூட்டாகக் கட்டி, 1999 மே 25 அன்று திறக்கப்பட்ட விமான நிலையம் அது. அதற்காக நிலத்தையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு மறுவாழ்வாகக் கிடைத்தது, அங்கே டாக்சி ஓட்டும் உரிமை. வயலுக்குப் பதில் கார். அந்தக் காரின் தவணை, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம் எனும்போது, ஆண்டுக்குச் சில முறை வரும் நெட்டைப் பயணிக்காக யாரும் பெரிய காரில் முதலைப் போட மாட்டார்கள்.

விலை கூடினால் இடம் கூடுமா?

இங்கேதான் உயரமான பயணி ஏமாறுகிறார். சின்னக் கார் வேண்டாம், 'செடான்' கொடுங்கள் என்கிறார். கூடுதல் வாடகை கொடுத்து டிக்கி வைத்த காரில் ஏறுகிறார். முன்பைவிட அதிகமாகத் தலை இடிக்கிறது.

காரணம் எளிது. அம்பாசடரின் உயரம் 1,593 மி.மீ. 2017இல் வந்த டிசையரின் உயரம் 1,515. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 2,464, 2,450. அதாவது நீளவாக்கில் இழப்பு அதிகமில்லை. கூரைதான் மூன்று அங்குலம் இறங்கிவிட்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் மிச்சமாக வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் கூரை இன்னும் சரிகிறது. சரிவு முடியும் இடத்தில்தான் பின்சீட்டுக்காரரின் தலை.

ஆனால் வாடகை குறைந்த வேகன் ஆரின் உயரம் 1,675 மி.மீ. சீட்டுகள் நாற்காலி போல நிமிர்ந்திருக்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் கீழ்நோக்கி மடங்குகிறது, முன்னால் நீள்வதில்லை. சுருக்கமாகச் சொன்னால், காரின் நீளத்தைவிட அதன் உயரம்தான் நெட்டையருக்கு நண்பன். சாமான் அதிகமில்லாமல், தனியாக, சிறிது தூரம் போகிறவருக்கு 'உசத்தியான' செடானைவிட இந்தச் சாதாரணக் கார் மேல்.

நீண்ட பயணத்துக்கு வேறு கணக்கு. கேரளச் சுற்றுலாவை இன்று தோளில் சுமப்பது 2005இல் அறிமுகமான டொயோட்டா இனோவா. 2016இல் வந்த இனோவா கிறிஸ்டாவில் சக்கரங்களுக்கு இடையே 2,750 மி.மீ., உயரம் 1,795 மி.மீ. ஏழு பேர் உட்காரும் வகையில் நடு வரிசையில் இரண்டு தனித்தனி சீட்டுகள், முன்னும் பின்னும் நகரக்கூடியவை. கடைசி வரிசையில் ஆள் இல்லையென்றால் நடு சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஆறேகால் அடிக்காரரும் காலை நீட்டலாம். எட்டுப் பேர் உட்காரும் வகையில் நடுவில் ஒரே நீள சீட்டு. எனவே 'இனோவா' என்று மட்டும் கேட்டால் போதாது. ஏழா எட்டா என்றும் கேட்க வேண்டும். அதைவிடக் குறைந்த வாடகையில் மாருதி எர்டிகா. அதன் நடு சீட்டும் நகரும். இரண்டிலுமே நெட்டையருக்கு ஆகாத இடம் கடைசி வரிசை.

இந்தியாவில் வாடகைக் கார் பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகளுக்கு இது புதிது. ஆனால் இதில் உயரமானவருக்கு லாபமே. ஸ்டீயரிங்குக்கு அடியில் முட்டியை நுழைக்க வேண்டியதில்லை, கிளட்ச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் சின்னக் காரில்கூட கால் நீளும். இல்லையென்றால் அந்த சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால், இடது பக்கம் உட்காரலாம். டிரைவருக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம். அவர் சீட்டை நகர்த்த முடியாது.

வெறும் சௌகரியம் மட்டுமல்ல

முட்டி இடிப்பதை ஆடம்பரக்காரர்களின் புகார் என்று ஒதுக்குபவர்கள் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றது அது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மொத்தத்தில் ஆபத்து குறைவுதான், சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு. ஆனால் சிலருக்கு அது கூடுதல். அந்தப் பட்டியலில் 190 செ.மீ.க்கு மேல் உயரமானவர்களும் இருக்கிறார்கள். 160 செ.மீ.க்குக் குறைவானவர்களும் இருக்கிறார்கள். சீட்டு இருவருக்குமே பொருந்துவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஐரோப்பாவிலிருந்து வளைகுடாவுக்கு ஆறேழு மணி நேரம். அங்கிருந்து கொச்சிக்கு நான்கு மணி நேரம். இறங்கிய கையோடு ஆலுவாவிலிருந்து பெரும்பாவூர், கோதமங்கலம் வழியாக மூணாறுக்கு இன்னும் நான்கு மணி நேரம். மடித்த காலை நீட்டவே இல்லை. நேரியமங்கலத்தில் 1935இல் கட்டிய பாலத்தைத் தாண்டியதும் மலையேற்றம் ஆரம்பிக்கிறது. கொஞ்ச தூரத்தில் சாலையோரமாகவே வாளற, சீயப்பாற அருவிகள். பயணிகள் அங்கே போட்டோ எடுக்க இறங்குகிறார்கள். உயரமானவர்கள் காலுக்காகவே இறங்கிப் பத்து நிமிடம் நடப்பது நல்லது. முடிந்தால் முதல் இரவை ஆலுவாவிலேயே கழித்துவிட்டு மறுநாள் மலையேறுவது அதைவிட நல்லது.

இன்னொரு ஆபத்து, மோதலின்போது வருவது. ஹெட்ரெஸ்ட் எனப்படும் தலைத் திண்டின் மேல் விளிம்பு குறைந்தது காதின் மேற்பகுதி வரையாவது எட்ட வேண்டும். நெட்டையருக்கு அது பெரும்பாலும் கழுத்தோடு நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் தலை அந்தத் திண்டையே அச்சாகக் கொண்டு பின்னால் மடங்கும். மலிவான கார்கள் சிலவற்றில் பின்சீட்டுத் திண்டு சீட்டோடு ஒட்டியே இருக்கிறது, உயர்த்த முடியாது. கூரை இடிக்கிறது என்று முன்சீட்டை அதிகமாகச் சாய்த்துப் படுப்பது அடுத்த தவறு. மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, இடுப்பெலும்பில் பதிய வேண்டிய பட்டை வயிற்றை அழுத்தும். பின்சீட்டில் பெல்ட் போடுவது இந்தியாவில் சட்டப்படி கட்டாயம். 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் விபத்தில் இறந்த பிறகுதான் நாடு இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தது. முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாதவருக்கு பெல்ட் இன்னும் அவசியம்.

பெரிய காரும் சின்ன சந்தும்

பெரிய கார் கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? மட்டாஞ்சேரி 'இல்லை' என்கிறது. விமான நிலையத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், மிளகும் இஞ்சியும் மணக்கும் பழைய கிடங்குகளுக்கு நடுவே, இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்றாக வேண்டிய தெருக்கள். 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்துக்குப் போகும் குறுகலான தெருவில் இனோவாவைத் திருப்ப நினைப்பது வீண் வேலை. ஆட்டோவில் போகலாம் என்றால், அதன் கூரை விளிம்பு உயரமானவரின் கண்ணுக்கு நேராக வருகிறது. ஊரைப் பார்க்க வந்தவர் சாலையையும் அடுத்த வண்டியின் சக்கரங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நல்ல வேளையாக, நிமிர்ந்து நிற்க இடம் தரும் வாகனங்கள் இப்போது கொச்சியில் உண்டு. 2017 ஜூன் முதல் ஆலுவாவிலிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகள் 2025 அக்டோபர் முதல் மட்டாஞ்சேரிக்கும் வருகின்றன. நகரத்துக்கு ரயில், காயலுக்குப் படகு, மலைக்கு மட்டும் பெரிய கார் என்று பயணத்தைப் பிரித்துக்கொண்டால் முட்டியும் தப்பும், செலவும் குறையும். மட்டாஞ்சேரிக்குள் நடந்தே சுற்றிவிடலாம்.

தானே ஓட்ட விரும்புபவர்கள் நம்பர் பிளேட்டைக் கவனிக்க வேண்டும். டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டப்படி இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வாங்க ஒரு நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்களாவது இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வைத்த சொந்தக் காரைச் சத்தமில்லாமல் வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். உயரமான பயணிக்குத்தான் இதில் ஆசை அதிகம். டாக்சிகளில் அபூர்வமாக இருக்கும் பெரிய ரகக் கார்கள் இந்தச் சந்தையில் சுலபமாகக் கிடைக்கின்றன. ஆனால் சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் நஷ்ட ஈடு கேள்விக்குறி. வெளிநாட்டவர் இங்கே ஓட்டவும், நம்மவர் பல நாடுகளில் ஓட்டவும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கினால் ஓராண்டு செல்லும்.

நம்மவர் அங்கே போனால்

வெளிநாட்டில் கார் எடுக்கும் நெட்டைத் தமிழருக்குச் சிக்கல் வேறு ரூபத்தில் வருகிறது. பெரிய வாடகைக் கார் கம்பெனிகள் காரின் பெயரை உறுதி செய்வதில்லை. ரகத்தை மட்டுமே உறுதி செய்கின்றன. 'இந்தக் கார் அல்லது இதற்கு இணையானது' என்பதுதான் ரசீதில் இருக்கும் வாசகம். உலகெங்கும் பல கம்பெனிகள் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்து காரின் ரகத்தையும், இரண்டாவது உடலமைப்பையும், மூன்றாவது கியர் முறையையும், நான்காவது எரிபொருளையும் ஏ.சி.யையும் சொல்கின்றன. கால் நீட்ட எவ்வளவு இடம் என்பதைச் சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை.

எனவே ரகத்தைவிட உடலமைப்பைக் கவனித்துக் கேட்பது புத்திசாலித்தனம். தாழ்வான செடானைவிட உயரமான வேன் வகைக் கார் மேல். கூரையில் ஜன்னல் வைத்த காரைத் தவிர்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியும் அதன் சட்டமும் தலைக்கு மேலிருக்கும் ஓரிரு அங்குலத்தைத் தின்றுவிடும். ஸ்டீயரிங் மேலும் கீழும் அசைவது மட்டும் போதாது. ஓட்டுபவரை நோக்கி நீள வேண்டும். இல்லாவிட்டால் சீட்டைப் பின்னால் தள்ளியதும் கை எட்டாது. ஐரோப்பாவில் கேட்காவிட்டால் கிளட்ச் வைத்த கார்தான் பெரும்பாலும் வரும். நீண்ட இடது காலுக்கு ஆட்டோமேட்டிக் நிம்மதி.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் காரில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முடிந்தவரை கீழே இறக்கி, முதுகை நிமிர்த்தி, பெல்ட் போட்ட பிறகு தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தால் சரி. பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முட்டி சற்று மடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டீயரிங்கில் படக் கூடாது. மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருந்தால்தான் ஏர்பேக் காப்பாற்றும். பொருந்தவில்லை என்றால் அப்போதே சொல்ல வேண்டும். வேறு கார் இருந்தால் கவுன்டரில் மாற்றித் தருவது வழக்கம். சாவியை வாங்கி நூறு கிலோமீட்டர் போன பிறகு சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

ஆலுவாவிலும் இதே விதிதான். போனில் கார் பேசும்போதே உயரத்தைச் செ.மீ. கணக்கில் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், எத்தனை பெட்டி, எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். வந்த கார் பொருந்தாவிட்டால் வாடகையில் பேரம் பேசுவதைவிட, அடுத்த காருக்காக அரை மணி நேரம் காத்திருப்பது லாபம். டிரைவர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு வாரம் அந்தக் காரில் மடங்கிக் கிடக்கப்போவது அவரல்லவே.